சறுக்கினால் யார் வருவார்கள்?

தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறியவர்களுக்குத் தெரியும். ஏறுவது பெரிய விஷயமில்லை. மூச்சு வாங்கும், நாக்கு வறளும், 'ஏண்டா வந்தோம்' என்று தோன்றும். ஆனாலும் ஏறிவிடலாம். இறங்கும்போதுதான் இருக்கிறது சங்கதி!

"ஏறும்போது நெஞ்சு கணக்குக் கேக்கும் தம்பி. இறங்கும்போது முட்டி கேக்கும். நெஞ்சுகிட்ட கொஞ்சம் உக்காந்து சமாதானம் பேசிரலாம். முட்டிகிட்ட அது நடக்காது" என்றார் கூட வந்த அண்ணாச்சி.

அண்ணாச்சிக்கு ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற ஊர். அவருக்கும் தறிகள் உண்டு. அன்றைக்கு அவருடைய பையனும் எங்களோடு வந்திருந்தான். ஸ்விட்ஸர்லாந்தில் ஒரு பேங்க்கில் கம்ப்யூட்டர் வேலை. லீவில் வந்தவன், எங்கள் இரண்டு பேரையும் முந்திக்கொண்டு மான் மாதிரி குதித்து இறங்கினான்.

அடிவாரத்தில் டீ குடிக்கும்போது பையன் தன் செல்போனை நீட்டினான். அதில் ஒரு பட்டியல். ஆல்ப்ஸ் மலையில் உள்ள பனிச்சறுக்கு ஊர்கள்... ஷாமொனி, வெர்பியே, லா கிராவ், சாங்க்ட் ஆன்டன். எந்த ஊரில் சரிவு அதிகம், எங்கே பனி ஆழம், எங்கே செலவு குறைவு என்று கட்டம் கட்டி எழுதியிருந்தான்.

"அங்கிள், ரெண்டு வருஷமா கத்துக்கிட்டேன். இந்த வருஷம் ஆஃப் பிஸ்ட் போகலாம்னு இருக்கேன். நல்லா செங்குத்தா இறங்கணும். நீங்க வரலாறு எழுதறவர்தானே... எந்த ஊர் பெஸ்ட்?"

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, கட்டு போடற துணிக்கு நம்ம வீட்ல பஞ்சமில்ல. அதுக்காக இவன் போய் காலை ஒடச்சுக்கணுமா? போகலாமா, கூடாதான்னு நீங்களே சொல்லுங்க."

நியாயமான கேள்வி. ஆனால் நான் பி.காம். படித்தவன். பனியை ஃப்ரிட்ஜைத் தவிர வேறெங்கும் நெருங்கிப் பார்த்தவன் இல்லை. சரி, ஊருக்குத் திரும்பியதும் புத்தகங்களைப் புரட்டினேன். புரட்டப் புரட்ட ஆச்சரியம். இந்தக் கதை ஆரம்பிப்பதே நம்ம மெட்ராஸில்தான்!

முதலில் ஒரு வார்த்தையைத் தெளிவுபடுத்திவிடுவோம். பிஸ்ட் என்றால் பனிச்சறுக்குக்காகத் தயார் செய்த தடம். ராத்திரியெல்லாம் இயந்திரம் ஓட்டி, பனியை நசுக்கி, சமப்படுத்தி வைத்திருப்பார்கள். இது சுலபம், இது கஷ்டம் என்று கலர் கம்பங்கள் நட்டிருப்பார்கள். ஐரோப்பாவில் பொதுவாக நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கஷ்டம். அந்தக் கம்பங்களைத் தாண்டி, யாரும் தொடாத பனியில் இஷ்டப்பட்ட வழியில் இறங்குவதுதான் ஆஃப் பிஸ்ட். ரோட்டை விட்டு வயலுக்குள் வண்டியை இறக்குகிற மாதிரி. வயல் மட்டும் செங்குத்தாக நிற்கும்.

எவ்வளவு செங்குத்து? நம் வீட்டு மாடிப்படி சுமார் முப்பது, முப்பத்தைந்து டிகிரி சாய்வு. பனிச்சரிவுகள் அதிகமாக உடைந்து விழுவதும் ஏறக்குறைய முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரிக்குள்தான். அதாவது, சறுக்குகிறவனுக்கு எந்தச் சாய்வு ஆனந்தமோ, அதே சாய்வுதான் பனிக்கும் பிடித்தமானது! ஐம்பது, ஐம்பத்தைந்து டிகிரி என்றால் கேட்கவே வேண்டாம். நின்றபடி இடுப்புயரத்தில் கையை நீட்டினால் மலை கையில் தட்டும்.

இனி மெட்ராஸுக்கு வருவோம்.

1887-ல் ஹென்றி லன் என்ற ஆங்கிலேய டாக்டர், மெதடிஸ்ட் மிஷனரியாக மெட்ராஸ் பக்கம் வந்தார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு படுத்த, சீக்கிரமே மூட்டை கட்டிவிட்டார். ஆனால் அதற்குள் 1888 ஏப்ரலில் மெட்ராஸிலேயே ஒரு மகன் பிறந்துவிட்டான். பெயர் ஆர்னால்ட் லன்.

ஊர் திரும்பிய அப்பா, சபைகளுக்குள் ஒற்றுமை பேசுவதற்காகப் பாதிரியார்களை ஸ்விட்ஸர்லாந்தின் கிரிண்டல்வால்ட் கிராமத்துக்கு அழைத்துப் போனார். கூட்டிப்போன இடத்தில் ஒரு விஷயம் அவருக்குப் புரிந்தது. ஒற்றுமை வருகிறதோ இல்லையோ, மலையைப் பார்க்க ஜனங்கள் காசு கொடுக்கத் தயார்! மிஷனரி டிராவல் ஏஜென்ட் ஆனார். பனிக்காலத்தில் பூட்டிக் கிடந்த மலை ஊர்களுக்கு ஆங்கிலேயர்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்ப ஆரம்பித்தார். ம்யூரன் என்ற ஸ்விஸ் கிராமம் பனிக்காலத்திலும் விருந்தாளிகளுக்குக் கதவைத் திறந்தது இவரால்தான்.

பத்து வயதில், 1898-ல், ஷாமொனியில் ஆர்னால்ட் முதன்முதலாகச் சறுக்குப் பலகையில் ஏறினார். அப்புறம் இறங்கவே இல்லை.

1909-ல் வேல்ஸில் ஒரு பாறையில் ஏறும்போது விழுந்தார். வலது கால் நொறுங்கியது. பிழைத்தது பெரிய விஷயம். அந்தக் கால் மற்றதைவிட இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. டாக்டர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். மனிதர் கேட்கவில்லை. இரண்டே வருடத்தில், 1911 ஜனவரியில், ஸ்விட்ஸர்லாந்தின் மொன்டானாவில் ஒரு பந்தயம் நடத்தினார். மலையுச்சிப் பனியாற்றிலிருந்து ஊர்வரை யார் முதலில் இறங்குகிறார்கள் என்பதுதான் போட்டி. தடம் கிடையாது, கொடி கிடையாது. வழி அவரவர் பொறுப்பு. ஜெயித்தவருக்கு அறுபத்தோரு நிமிடம் ஆனது. மலையிறக்கப் பந்தயங்களுக்கெல்லாம் இதுதான் தாத்தா.

இந்தப் பந்தயக் கோப்பையின் பெயர் என்ன தெரியுமா? கந்தஹார்! 1880-ல் காபூலிலிருந்து கந்தஹாருக்குப் படை நடத்திப் புகழ்பெற்ற ராபர்ட்ஸ் பிரபு கொடுத்த கோப்பை அது. அந்த ராபர்ட்ஸ் அதற்கடுத்த வருடமே மெட்ராஸ் ராணுவத்துக்குத் தளபதியாக வந்து, 1885 வரை இங்கே இருந்தவர். ஆக, கோப்பைக்குப் பெயர் கொடுத்தவர் மெட்ராஸ் தளபதி. பந்தயம் வைத்தவர் மெட்ராஸில் பிறந்தவர். நடந்த இடம் மட்டும் ஆல்ப்ஸ்.

1922-ல் ம்யூரனில் லன் இன்னொரு காரியம் செய்தார். சரிவில் ஜோடி ஜோடியாகக் கொடி நட்டு, அதற்குள் வளைந்து வளைந்து இறங்கச் சொன்னார். இன்று ஒலிம்பிக்கில் பார்க்கிறோமே, ஸ்லாலம்... அதன் நவீன வடிவம் இதுதான். எதற்குக் கொடி? காட்டுக்குள் இறங்குகிறவன் மரத்தில் மோதாமல் திரும்பத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? அந்த மரங்களுக்குப் பதிலாகத்தான் கொடிகள். அதாவது, பாதையில்லாத காட்டைப் பார்த்து எழுதிய காப்பிதான் பந்தயம். கொஞ்ச காலத்தில் ஜனங்கள் ஒரிஜினலை விட்டுவிட்டுக் காப்பியைப் பிடித்துக்கொண்டார்கள். தடங்கள் வந்தன, இயந்திரங்கள் வந்தன. 1931-ல் ம்யூரனிலேயே முதல் உலகச் சாம்பியன் போட்டி. 1936-ல் ஒலிம்பிக். 1952-ல் லன்னுக்கு சர் பட்டம்.

அப்படியானால் ஒரிஜினல்? அது மறுபடி உயிர்பெற்றது 1967-ல்.

சில்வன் சோதான் என்ற ஸ்விஸ்காரர், ஷாமொனியில் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்த ஒரு பனிச்சந்து வழியாகப் பலகை கட்டி இறங்கினார். ஐம்பது டிகிரிக்கு மேல் சாய்வு. பார்த்தவர்கள் நம்பவில்லை. 'முடியாததைச் செய்கிறவர்' என்று பட்டம் கொடுத்தார்கள். அவர் நம் நாட்டுக்கும் வந்தார். 1977-ல் லடாக்கின் 7,135 மீட்டர் நுன் சிகரத்திலிருந்து சறுக்கி இறங்கினார். அபாயத்தையே தொழிலாக வைத்திருந்த மனிதர், 2024-ல் எண்பத்தேழு வயதில்தான் காலமானார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

இப்போது பையனின் பட்டியலுக்கு வருவோம். ஒப்பிடுவதற்கு நம்ம ஊர் அளவுகோலையே எடுத்துக்கொள்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். பதினோரு நிலை, 192 அடி.

ஷாமொனியில் 1955-ல் ஒரு ரோப் கார் போட்டார்கள். 3,842 மீட்டர் உயரமுள்ள எகுய் து மிடி உச்சிக்குக் கிட்டவே கொண்டுபோய் விடும். அங்கிருந்து 'வெள்ளைப் பள்ளத்தாக்கு' வழியாக இருபது கிலோமீட்டர் சறுக்கி வரலாம். மொத்த இறக்கம் 2,800 மீட்டர். கிட்டத்தட்ட நாற்பத்தெட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சிக் கலசத்திலிருந்து சறுக்குகிற மாதிரி! வழியெல்லாம் பனியாறு. பனியாற்றில் வெடிப்புகள். வெடிப்பின் மேல் மெல்லிசாகப் பனி மூடியிருக்கும், தெரியாது.

லா கிராவ் இன்னும் கரடுமுரடு. ஒரு சின்ன கிராமம், 1970களில் போட்ட ஒரே ஒரு ரோப் கார். கோபுரக் கணக்கில் முப்பத்தாறு. பனியாற்றுப் பகுதியில் கொஞ்சம் தவிர, சமப்படுத்திய தடம் என்று அநேகமாக எதுவும் இல்லை. மலை எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டிருக்கிறார்கள். உலகத்துத் தைரியசாலிகள் எல்லாம் இங்கே வருவார்கள். டக் கூம்ஸ் என்ற அமெரிக்கர் அப்படி வந்தவர்தான். 1991-ல் அலாஸ்காவில் நடந்த முதல் அபாயச் சறுக்குப் போட்டியில் சாம்பியன். லா கிராவில் வழிகாட்டியாகவே தங்கிவிட்டார். 2006 ஏப்ரல் 3. ஒடுங்கிய சந்து ஒன்றில் கூட வந்த நண்பர் விளிம்பைத் தாண்டி விழுந்தார். உதவ முடியுமா என்று பார்க்க கூம்ஸ் விளிம்பை நெருங்கினார். அவரும் சறுக்கினார். இரண்டு பேருமே திரும்பவில்லை. உலக சாம்பியனுக்கே இதுதான் கதி.

ம்யூரன், லன்னின் ஊர். மேலே ஷில்ட்ஹார்ன் சிகரம். 1969-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் உச்சியில் சுழலும் ஓட்டல் ஒன்று வருமே, அதேதான். 1928-ல் லன்னின் கிளப் ஆட்கள் அந்த உச்சியிலிருந்து பள்ளத்தாக்கின் அடிவரை ஒரு பந்தயம் ஓடினார்கள். பெயர் 'இன்ஃபர்னோ', அதாவது நரகம்! இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்து எண்ணூறு பேர்போல இறங்குகிறார்கள்.

நம் நாட்டில்? காஷ்மீர் குல்மார்க். பிரிட்டிஷ் அதிகாரிகள் 1927-லேயே அங்கே ஸ்கீ கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனி ரோப் கார் போட வந்தது. துப்பாக்கிச் சத்தம் அதிகமாகி வேலை நின்றது. முதல் கட்டம் 1998-ல் ஓடியது, இரண்டாம் கட்டம் 2005-ல். இப்போது கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம்வரை உட்கார்ந்தபடியே போகலாம். ஆல்ப்ஸோடு ஒப்பிட்டால் டிக்கெட் மலிவு. வெளிநாட்டுக்காரர்கள் இங்கே ஓடி வருவது அதனால் மட்டுமல்ல, தொடப்படாத பனி மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடப்பதாலும்தான்.

ஆக, சாய்வு, உயரம், காசு எல்லாவற்றையும் ஒப்பிட்டாயிற்று. பையனின் பட்டியல் இத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் மட்டும் எழுதினால் போதுமா? கடன் பக்கம் எங்கே?

அந்தப் பக்கத்தின் தலைப்பு இதுதான்... சறுக்கினால் யார் வருவார்கள்?

1956 டிசம்பர். ழான் வென்சாந்தோன், ஃபிரான்சுவா ஆன்ரி என்ற இரண்டு வாலிபர்கள் ஷாமொனியிலிருந்து மோன் ப்ளான் மலைக்குப் போனார்கள். இருபதுகளில் இருந்தவர்கள். புயலில் சிக்கிக்கொண்டார்கள். விசேஷம் என்னவென்றால், ஊரிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தால் அவர்கள் தெரிந்தார்கள்! உயிரோடு இருப்பதை ஊரே பார்த்தது. ஆனால் போய்க் காப்பாற்றுவது யார் வேலை என்பது யாருக்கும் தெரியவில்லை. வழிகாட்டிகள் சங்கம் தயங்கியது. அன்னபூர்ணா புகழ் லியோனல் தெர்ரே பொறுக்க முடியாமல் சொந்த முயற்சியில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். டிசம்பர் 31 அன்று ராணுவ ஹெலிகாப்டர் அவர்கள் பக்கத்தில் இறங்கப் போய் நொறுங்கி விழுந்தது. அதற்கப்புறம் ஹெலிகாப்டரில் வந்தவர்களைக் காப்பாற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் அந்த இரண்டு பையன்களையும் உடைந்த ஹெலிகாப்டருக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தார்கள். மார்ச்சில்தான் உடல்களை எடுக்க முடிந்தது.

பிரான்ஸே தலைகுனிந்தது. 1958-ல் அரசாங்கம் உத்தரவு போட்டது, மலை மீட்பு இனி அரசின் பொறுப்பு. அதே வருடம் ஷாமொனியில் மலைப் போலீஸ் மீட்புப் படை பிறந்தது. இன்று உயர்மலையில் நீங்கள் சிக்கினால் ஹெலிகாப்டரில் அவர்கள் வருவார்கள், கட்டணம் கிடையாது. தடம் போட்ட ஸ்கீ எல்லைக்குள் விழுந்தால்தான் பில் வரும்!

ஸ்விட்ஸர்லாந்து வேறு வழியில் போனது. தாவோஸ் மலை மேல் 1936-லேயே பனியை ஆராய ஒரு பரிசோதனைக்கூடம் போட்டார்கள். 1945 முதல் எங்கே பனி உடையும் என்று அறிக்கை விட ஆரம்பித்தார்கள். அதற்கும் மலை அடங்கவில்லை. 1951-ல் ஒரே பனிக்காலத்தில் ஸ்விட்ஸர்லாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவுக்குப் பலி. அடுத்த வருடம் ரேகா என்ற வான்வழி மீட்பு அமைப்பு தொடங்கியது. 1993-ல் ஐரோப்பா முழுவதற்கும் ஒரே மாதிரி அபாய அளவு வந்தது. ஒன்றிலிருந்து ஐந்து. காலையில் எழுந்ததும் ஆல்ப்ஸ்காரன் முதலில் பார்ப்பது அந்த நம்பரைத்தான்.

பனிக்குள் புதைந்தவனை முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவான். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். அவ்வளவு சீக்கிரம் எந்த ஹெலிகாப்டரும் வராது. கூட வந்தவன்தான் தோண்ட வேண்டும். அதனால்தான் ஆஃப் பிஸ்ட் போகிறவர்கள் சிக்னல் கருவி, நீளக் கம்பு, மண்வெட்டி மூன்றும் இல்லாமல் கிளம்புவதில்லை.

குல்மார்க்கில் ரோப் காருக்குக் கீழே உள்ள பகுதியை ரோந்துக் குழு கவனித்துக்கொள்கிறது. அதைத் தாண்டினால் உங்கள் பாடு, மலையின் பாடு. 2010 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் இறந்த 17 பேரும் நம் ராணுவ வீரர்கள். பனியில் போரிடப் பயிற்சி கொடுக்கும் பள்ளியைச் சேர்ந்தவர்கள். பனியைத் தெரிந்தவர்களுக்கே அப்படி. 2023-ல் போலந்துக்காரர்கள் இரண்டு பேர். 2024-ல் ரஷ்யர் ஒருவர்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு ஷாமொனி ஞாபகம் போய், தேனிப் பக்கம் ஞாபகம் வந்துவிட்டது. 2018 மார்ச் 11. குரங்கணி மலை. கொழுக்குமலைப் பக்கம் ஏறிவிட்டு இறங்கிய இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். தீ எரிகிறதா, வழி எங்கே, யாரிடம் கேட்பது? எல்லாக் கேள்விகளையும் அதற்கப்புறம்தான் கேட்டோம். விதிகள் அதே வருடம் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 மலைப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, சுலபம், நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, வழிகாட்டியோடு திறந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பிலிருந்து கிளம்பும் பாதையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆல்ப்ஸில் நீலம், சிவப்பு, கறுப்பு. இங்கே சுலபம், நடுத்தரம், கடினம்.

சதுரகிரியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2015 மே மாதம் ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். இன்று மலையில் மழை என்றால் தாணிப்பாறை வனத்துறை கேட் மூடிவிடுகிறது. "சாமி பார்க்க விடமாட்டேங்கறான்" என்று நாம் திட்டுகிறோம். அந்தப் பூட்டு ஏன் வந்தது என்பதை மறந்துவிட்டுத் திட்டுகிறோம்.

நம் முன்னோர் மறக்கவில்லை. அந்த மலைப்பாதையில் இரண்டு இடங்களின் பெயரைக் கவனித்தீர்களா? வழுக்குப்பாறை. சங்கிலிப்பாறை. பெயரே எச்சரிக்கைப் பலகை! எழுதப் படிக்கத் தெரியாதவனும் படித்துவிடுவான். இங்கே வழுக்கும். இங்கே பிடிமானம் இல்லாமல் போகாதே. இந்தப் பெயர்களை வைத்தவன், அதற்கு முன்னால் எத்தனை பேர் விழுந்ததைப் பார்த்தானோ!

பையன் கிளம்புவதற்கு முதல் நாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். நான் தயாரித்த பட்டியலைக் கொடுத்தேன். அதில் சாய்வு என்ற கட்டமே இல்லை. நான்கே கேள்விகள். இன்றைக்கு மலை எப்படி இருக்கிறது என்று காலையில் சொல்கிறவர் யார்? கூட வருகிறவருக்குத் தோண்டத் தெரியுமா? சறுக்கினால் யார் வருவார்கள்? வந்தால் பில் யாருக்கு?

பையன் மெளனமாகப் படித்தான். பிறகு, "முதல்ல பனிச்சரிவு கோர்ஸ் ஒண்ணு முடிச்சிர்றேன் அங்கிள். லா கிராவ் அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இந்த வருஷம் கைடு வச்சுக்கிட்டு வெள்ளைப் பள்ளத்தாக்கு போதும்" என்றான்.

அண்ணாச்சி பட்டியலை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பேனா எடுத்து ஐந்தாவதாக ஒரு வரியை அவரே எழுதி, பையனிடம் நீட்டினார்.

'கீழே இறங்கியதும் அப்பாவுக்குப் போன் செய்தாயா?'